எட்டைக் காணோம்

நீள நோட்டு ஆறு. கையெழுத்தில் நானூற்றுப் பத்துப் பக்கம்.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம் என்று
பலகை மாட்டிய என் கடைக்கு
அணையோர முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து
"மாயக்கதை தம்பி, டைப் அடிக்க எவ்வளவு?" என்றார்
யோகமலர் அக்கா.
பக்கத்துக்குப் பதினைந்து.
மாங்கூழ் ஆலையில் கூலி வாங்கிய சனிக்கிழமைகளில்
இருபது பக்கம் தருவார்,
சில வாரம் ஏழு.

முதல் அத்தியாயத்திலேயே அந்த நாடு பிடித்துப்போனது.
மேகம்தான் அங்கே தெய்வம்.
வானம் துடைத்து நீலமானால்
ஜனங்கள் அடுப்பை அணைத்துவிட்டு
குழந்தைகளின் வாயைப் பொத்துவார்கள்.
எங்கள் பக்கமும் மேகத்தைக் கும்பிடுவோம்,
கேழ்வரகு முளைக்க.
அவர்கள் கேட்பது தலைக்கு மேல் ஒரு மறைப்பு.

அரசியின் கோட்டை பட்டால் ஆனது.
கூறைச்சேலைகளைக் கிழித்துப் பை தைத்து
மண் நிரப்பி அடுக்கிய மதில்;
ஓட்டை விழுந்தால் ஜரிகையோடு மண் கொட்டும்.
"என்னா கற்பனைக்கா!" என்றேன்.
"ஓம்" என்றார்.
அவ்வளவுதான்.

எங்கள் ஏரிக்கரையில் ஒரு நடுகல் உண்டு.
மாடு மீட்கப் போய்ச் செத்தவன்
மார்பில் தைத்த அம்புகளோடு இன்னும் நிற்கிறான்.
அக்கா நாட்டிலும் வீரர்களுக்குக் கல் உண்டு.
எல்லாம் குப்புறக் கிடக்கும்.
கைப்பிழை என்று நினைத்து
'நிற்கும்' எனத் திருத்தினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
நிண்டால் உயரம் தெரியும்.

நான்காவது நோட்டில் ஒரு சூனியக்காரி. பெயர் எண்ணி.
தூரத்து மலைக்குப் பின்னால் பூதம் ஒருமுறை தும்மும்.
அவள் தொடங்குவாள்: ஒண்டு, இரண்டு, மூண்டு...
பதினொண்டுக்குள் மண்ணுக்குள் இறங்கிய பிள்ளைகளைப்
பூதத்துக்குத் தெரியாது.
பதினொண்டு தாண்டிவிட்டால்
அது வேறு யாருக்கோ விழுந்தது.
நொண்டியாட்டப் பாட்டு மாதிரி இருந்தது எனக்கு.
அடித்துக்கொண்டே முணுமுணுத்தேன்.

அன்றைக்கு மதியம் குவாரியில் வெடி.
விசில் ஊதினால் எங்கள் தெருவுக்கு
டீ ஞாபகம்தான் வரும்.
கண்ணாடிக் கதவு அதிர்ந்து
சாமி படத்துச் சாமந்தி உதிர்ந்தபோது
எதிர் நாற்காலி காலி.
அக்கா என் மேஜைக்கு அடியில் இருந்தார்.
உதடு அசைந்துகொண்டிருந்தது.
நான் மானிட்டரைப் பார்த்தேன்.
பார்ப்பது போல இருந்தேன்.
'மூண்டு' பக்கத்தில் கர்சர்
விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கற்பனை என்ற சொல்லை
அவரிடம் நான் எடுக்கவில்லை.

அச்சுக்குப் போகும் முந்தின நாள் நல்ல மழை.
ப்ரூப் தாளைப் பால் கவரில் சுற்றி
இடுப்பில் செருகி வந்தார்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
"தம்பி, எட்டைக் காணோம்."
ஏழுக்கு அடுத்து ஒன்பது அடித்திருந்தேன்.
"மாயக்கதை தானேக்கா,
யார் எண்ணிப் பாக்கப் போறாங்க?"
கேட்டுத் தொலைத்தது நாக்கு.
தன் தலையிலிருந்து மேஜையில் சொட்டிய தண்ணீரை
அவரே முந்தானையால் துடைத்தார்.
"எண்ணுவினம்" என்றார்.
பிறகு, குடையைத் தேடிக்கொண்டே,
"எட்டிலதான் அவன் எழும்பினவன்."

எவன் என்று நான் கேட்கவில்லை.
எட்டை அடித்தேன்.
கட்டணம் வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான்;
பதினைந்து ரூபாயைச் சில்லறையாக எண்ணி
வைத்துவிட்டுத்தான் போனார்.

முந்நூறு பிரதி. எங்கே போயிற்றோ தெரியாது.
ஒன்று மட்டும்
ஊத்தங்கரை பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில்,
பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் மடியில் இருந்தது.
எங்கள் ஊர்ப் பெண்தான்; போனில் அம்மாவிடம்
'வந்துனே இருக்கேன்' என்றாள்.
வெளியே ஏதோ மலையைப் பிளந்தார்கள்.
அவள் நிமிர்ந்து, சிரித்து,
விரல் மடக்கினாள்.
ஒண்டு. இரண்டு. மூண்டு.

எட்டில் நான் குனிந்துவிட்டேன்.
டிக்கெட் கீழே விழுந்துவிட்டதா என்று
கேட்டார் கண்டக்டர்.