கழுவுகிறவள் கணக்கு

குன்னூரில் தண்ணீருக்குப் பொறுமை கம்மி.
தொண்ணூற்று நான்கு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
அதை நம்பிக் கிருமியைக் கொல்ல முடியாது.
இரும்புக் கதவை இறுக்கி
ஆவியை உள்ளே அடைத்து
கோயம்புத்தூரில் வைப்பதைவிட
முள்ளைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி
நூற்று முப்பத்து நான்குக்குக் காத்திருக்கிறேன்.

வேகிறது எட்டாம் நம்பர் டிரே.
ஊசி. ஊசிக்குள் போகும் கம்பி.
கம்பியின்மேல் வழுக்கிப்போகும் குழல்,
அதன்மேல் இன்னொரு குழல்,
எல்லாவற்றுக்கும் மேல், நுனி சாய்த்து வெட்டிய குழல்.
என் சுண்டுவிரல் அதற்குள் நுழையாது.
அப்புறம் கேமரா.
அப்புறம் கவ்விகள். அவற்றுக்கு நாங்களே பெயர் வைத்தோம்.
பெரியவன் முதலை.
தலையைத் திருப்பிப் பார்க்கிறவன் ஓணான்.
அரிசிமணி வாய்க்காரிக்குப்
பெயர் வைத்தவள் நான். அது யார் பெயர் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை, நல்லது.

சன்னாசிக்கு நாற்பத்து மூன்று வயது.
பாலாடாவில் கேரட் கழுவும் மெஷினிலிருந்து
லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்.
ஆவணியில் ஒருநாள் தொண்ணூறு கிலோவோடு
அரையடி திரும்பினாராம். அவ்வளவுதான்.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருந்த மெத்தை
பிதுங்கி நரம்பின்மேல் உட்கார்ந்துகொண்டது.
அன்றிலிருந்து அவர் உட்காரவில்லை.
நின்றபடி சாப்பிட்டார்.
நின்றபடி கடன் கேட்டார்.
இடுப்பில் கிளம்பிக் கால் பெருவிரலில் இறங்கும் மின்னல்
மார்கழிவரை ஓயவில்லை.

வெளியே புல்லெல்லாம் உறைபனி.
சலைன் பைகளை வெந்நீரில் போட்டு வைத்தேன்,
உள்ளே ஓடும் தண்ணீர் ஆளை நடுக்கக் கூடாது.
இங்கே ஆள் குறைவு.
கழுவுகிறவளே கருவி எடுத்துக் கொடுப்பவளும்.

டாக்டர் பெள்ளிராஜ் முழுசாக மயக்குவதில்லை.
தோல் மரத்தால் போதும், நரம்பு
விழித்திருக்க வேண்டும்.
"காலில் ஏதாவது தெரியுதா?"
"இல்ல சார்."
"இப்போ?"
"யாரோ பெருவிரலைப் புடிச்சு இழுக்கறாங்க."
குழல் ஒரு நூல் பின்வாங்கியது.

தசையை அறுக்கவில்லை, விலக்கினோம்.
தேயிலைச் செடிகளுக்கு நடுவே
கொழுந்து ஒடியாமல்
இடுப்பைச் சாய்த்து நடப்போமே, அப்படி.
திரையில் வெள்ளையாக என்னவோ அசைந்தது.
ஓணான் போனான்.
கவ்வினான், முறுக்கினான்,
மெதுவாக வந்தான்.

முடிந்தபின் அது தனக்கு வேண்டும் என்றார் சன்னாசி.
பார்க்க மட்டும்தான்.
கவிழ்ந்து கிடந்தவரின் முகத்துக்குக் கீழே
காஸ் துணியில் ஏந்திக் காட்டினேன்.
வேகாத நண்டுச்சதை மாதிரி, நகத்தளவு.
"நாலு மாசக் கூலியைத் தின்னது
இம்புட்டுதானா?"
குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

ஒரே தையல். அதன்மேல் தபால்தலை அளவு பிளாஸ்திரி.
சாயங்காலம் எழுந்து நடந்தார்.
பிறகு உட்கார்ந்தார்.
உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை
அரைமணி நேரம் குடித்தார்.

"மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது.
அதுக்கப்புறமும் பார்த்துத் தூக்கணும்."
"நான் பார்த்துத்தான் தூக்கறேன் சார்.
மூட்டையைச் சின்னதா கட்டச் சொல்லி
ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா?"

டாக்டரின் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
மண்டிக்காரர் பெயர் கேட்டு எழுதினார்.
ஐம்பது கிலோவுக்கு மேல் வேண்டாம்.
கீழே கையெழுத்து, ஆஸ்பத்திரி முத்திரை.
மருந்துச் சீட்டை மடிக்கிற மாதிரி
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார் சன்னாசி.

குழலுக்குள் பிரஷ் விட்டுத் தேய்க்கிறேன்.
ஓணானின் வாயை லென்ஸில் பார்க்கிறேன்,
ஒரு பல் உடைந்தாலும் கணக்கில் வர வேண்டும்.
டிரே நாலரைக் கிலோ. முழங்காலை மடக்கி,
இரண்டு கையாலும் தூக்குகிறேன். இப்போதெல்லாம் அப்படித்தான்.

தையில் அதே மண்டியிலிருந்து இன்னொருவர் வந்தார்.
படுக்க வைக்கும்போது கேட்டேன்,
மூட்டை இப்போது எத்தனை கிலோ?

தொண்ணூறு என்றார்.
சீட்டு ஒன்று கல்லாவுக்கு மேலே
சாமி படத்தோடு ஒட்டியிருக்கிறதாம்.