மழைக்கு வெட்டில்லை

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே வரிசை முடிகிற இடத்தில் என் அறை.
போன வருஷம் வரை அதில் போர்வைகள் இருந்தன,
இன்னும் பாச்சை உருண்டை வாசம்.
இரண்டு நாற்காலி, நாலு நிமிஷம் முந்தி ஓடும் கடிகாரம்,
என் காசில் வாங்கிய டிஷ்யூ பெட்டி.

"டாக்டரம்மா, மாத்திரை?"
நான் டாக்டர் இல்லை என்பதில்தான்
ஒவ்வொரு முதல் சந்திப்பும் தொடங்கும்.
மாத்திரை எழுதுகிறவர் அனந்தபத்மநாபன் சார்,
எட்டாம் நம்பர். காலையில் அறுபது பேர்.
அந்த அவசரத்திலும் ஒவ்வொரு முகத்தையும்
ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிடுவார்.
டெல்பினுக்கு அறையே கிடையாது.
சோஷியல் ஒர்க்கர், ஸ்கூட்டர்தான் ஆபீஸ்.
ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயர்,
குடிக்கிற மச்சான், மூன்று மாத வாடகை
எல்லாம் அவள் ஃபைலில்
நோயின் பெயருக்கு முன்னால் வரும்.
கூடப் படித்த ஷர்மிலிக்கு மார்த்தாண்டத்தில் பள்ளிக்கூடம்.
கவுன்சிலர் என்று பலகை உண்டு,
பரீட்சை வந்தால் ஹால் டூட்டியும் உண்டு.
காலையில் தன்னிடம் அழுத பிள்ளையின் பிட்டை
மதியம் அவளே பிடிக்க வேண்டும்.
பினோ பெங்களூரில், திரைக்கு முன்னால்.
அவளுடைய ஒரு மணிநேரம் என் நாலு நாள் சம்பளம்.

அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது:
"சும்மா பேசதுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்கு, கேட்டியளா."
பேசுவது நானில்லை, அம்மா.

றசலையன், ஐம்பத்திரண்டு வயது,
குலசேகரம் தாண்டி ரப்பர் வெட்டு.
ஒறக்கம் இல்லை.
சார் இரவு பத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார்.
சரியான மாத்திரைதான்.
ரெண்டரைக்கு எழும்பி நெற்றியில் விளக்குக் கட்டுகிறவருக்கு
அது மரங்களை இரண்டிரண்டாகக் காட்டியது.
"முன்னூறு மரத்த அறுநூறா வெட்ட முடியுமா பிள்ளே?"
நான் சிரித்துவிட்டேன்.
படிக்கிற காலத்தில் அதற்கு மார்க் குறைப்பார்கள்.
சார் பாதியாக்கி ஏழு மணிக்கு மாற்றினார்.
டெல்பின் தோட்டத்துக்கே போய்
கணக்குப்பிள்ளையிடம் நாலு மணி வெட்டு கேட்டு வாங்கினாள்.
அவர்கள் வேலை முடிந்தது.
எனக்கு மிச்சம் மழை நாள்.

மழைக்கு வெட்டில்லை, விடிய விடிய ஒறங்கலாம்.
அன்றைக்குத்தான் அவருக்குக் கண் மூடாது.

ஏன் என்று கேட்கவில்லை.
அந்தச் சொல் இந்த அறையில் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஒலிக்கும்.
உங்க வீட்ல மழை எப்படிக் கேட்கும், என்றேன்.
"தகரக் கூரையாக்கும்."
முதல் வாரம் அவ்வளவுதான்.
அடுத்த வாரம் கத்தியைப் பற்றிச் சொன்னார்.
பட்டையில் எவ்வளவு போகலாம்,
உள்ளே தடியில் பட்டுவிட்டால்
காயம் முண்டு கட்டி
பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது.
எனக்கென்றே சொன்னது போலிருந்தது,
அதனாலேயே குறிப்பில் எழுதவில்லை.
மூன்றாம் வாரம், நாற்பத்தோராவது நிமிஷம்:
"அன்னைக்கி நல்ல மழ. நான் ஒறங்கிட்டேன்.
எழும்பிப் பாத்தா மகனுக்க செருப்பு
முற்றத்தில நனஞ்சிட்டுக் கெடக்கு."

டிஷ்யூ பெட்டியை நகர்த்தவில்லை.
சிலருக்கு அது போதும் நிறுத்து என்று ஆகிவிடும்.
வெளியே எக்ஸ்ரேக்கு
யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.
பிறகு ஒட்டுப்பால் விலை சொன்னார். எழுந்தார்.
நாற்காலியைச் சுவரோடு சேர்த்து வைத்தார்.

நாலாம் வாரம் வரவில்லை.
பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம்,
காலியாக விட்டேன்.

இன்று பார்வதிபுரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
மணி ரெண்டு நாற்பது.
குலசேகரத்தில் பெய்கிறதா தெரியவில்லை,
டெல்பினைக் கூப்பிடுகிற நேரமும் இல்லை.
எங்கள் வீடு கான்கிரீட், சத்தம் சரியாக வராது.
மொட்டைமாடிக் கதவைத் திறந்து
கொஞ்ச நேரம் நின்றேன்.