கையேட்டின் எட்டாம் பிரிவு

வேலந்தாவளத்தில்
வரி வாங்கிய ஜன்னல்கள் மூடி வருஷங்களாச்சு.
கலால்காரர்களின் அறையில் மட்டும் விளக்கு.
அதற்கு நேர் எதிரே உரக்கடை மாடியில்
இரவு ஷிப்டில் உட்கார்ந்து
கையேடு எழுதுகிறேன்.

ஒன்பது கருவிகள்.
ஓடுகிற வேலைகளை வரிசையிட்டுக் காட்டுவது ஒன்று,
நினைவகம் எங்கே தீர்கிறதென்று சொல்வது ஒன்று,
பெயரைப் பார்த்தால் ஒன்றும் விளங்காதவை சில.
ஒருகாலத்தில் ஒன்பதுக்கும்
கெர்னலின் உள்ளறையைப் பார்க்கும் அனுமதி.
எக்ஸ் நிற்கவேண்டிய இடத்தில்
ஓர் எஸ்,
சீட்டு அவ்வளவுதான்.
ஓடும்போது மட்டும்
உரிமையுள்ள குழுவின் சட்டையை மாட்டிக்கொள்ளும்,
முடிந்ததும் கழற்றிப் போடும்.

இப்போது ஏழுக்கு அது வேண்டியதில்லை.
கேட்டால் கெர்னலே வாசலுக்கு வந்து
எண்களைச் சொல்லிவிடுகிறது.
ஏழு பக்கங்களில் ஒரே வரியை அடித்தேன்.
எட்டாவதற்கு ஏன் வேண்டுமென்று
நாலு வரியில் முடித்தேன்.

ஒன்பதாவது.
எழுதியவர் சுகுணேந்திரன் என்றிருக்கிறது,
அவருக்குப் போட்ட மின்னஞ்சல் திரும்பி வந்தது.
நிரலில் ஒரே ஒரு குறிப்பு:
‘இதை எடுத்துவிடாதீர்கள்.’
எடுத்துப் பார்த்தேன்,
சோதனை இயந்திரத்தில்தான்.
முனகாமல் ஓடியது.
எல்லா எண்ணும் சரி.
கடைசிப் பத்தியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.
அந்தப் பத்திக்குத் தலைப்பில்லை.

கீழே தக்காளி லாரி.
எந்தா லோடு என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் பிஜோய்
நீளக் கம்பியைப் பெட்டிகளுக்கு நடுவே விடுகிறார்.
ஸ்பிரிட் கேன் இருந்தால் டொப்பென்று சொல்லும்.
ஒன்றும் சொல்லவில்லை.
கம்பி நுனியில் சிவப்பாய் ஒட்டிய தோலை
தார்ப்பாயிலேயே துடைக்கிறார்.

எழுதினேன்:
இதற்கு உள்ளறை அனுமதி தேவை.
கடைசிப் பத்தி அங்கிருந்து வருகிறது.
அது எதை எண்ணுகிறதென்று எங்களுக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து மெஹ்ருன்னிசா
மூன்றாம் வரியை நீக்கினாள்.
திரும்பப் போட்டேன்.
நீக்கினாள்.
போட்டேன்.
ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது.
‘தெரியாதுன்னு யாராச்சும் கையேட்டுல எழுதுவாங்களா?’
‘சாவி குடுத்திருக்கோம்ல.
எதுக்குன்னு தெரியாம குடுத்திருக்கோம்.
அதையாவது சொல்லிட்டுக் குடுக்கலாம்.’

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

‘சரி,
முன்னாடி ‘தற்போது’ன்னு ஒரு வார்த்தை
சேத்துக்க.’

சேர்த்தேன்.
கீழே டிரைவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறான்,
அவிழ்த்தபோது இருந்த முடிச்சு
இதுவல்ல.