மூங்கில் பிடி

கனசாவாவில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
பெய்யாத நாளைத்தான் சொல்கிறார்கள்.
சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது
இந்த ஊர்ப் பழமொழியாம்.
விடுதிக்காரர் மிசோகுச்சி இதைச் சொல்லிவிட்டு
வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும்
அதே குரலில் சொன்னார்.

நான் மறக்கவில்லை.
நூடுல்ஸ் கடை வாசலில்
பதினொரு கறுப்புக் குடைகளுக்கு நடுவே
என்னுடையதைச் செருகினேன்.
வயிறு நிறைந்த கை பார்க்காமல் எடுக்கும்.
ஆசானோ ஆற்றுப் பாலத்தில்தான் கவனித்தேன்:
நான் நடந்தால்
கூடவே ஒரு மணியும் நடக்கிறது.
மூங்கில் பிடி. பச்சை நூல்.
நுனியில் சுண்டைக்காய் அளவு பித்தளை மணி.
வளைந்த ஒரு கம்பி வழியாக மழை
என் இடது தோளை மட்டும் தேடி வந்தது.

திரும்பி ஓடினேன். கடை சாத்தியிருந்தது.
ஐந்து மணிக்குத்தான் இனி.

கோட்டை, சாமுராய்கள் குடியிருந்த தெரு,
மண்சுவர்களுக்குப் போர்த்திய வைக்கோல் பாய்,
இன்னும் விழாத பனிக்காக
பைன் கிளைகளை உச்சியிலிருந்து தாங்கும் கயிறுகள்.
வரைபடம் சொன்னதையெல்லாம் பார்த்தேன்,
திருடனைப் போல.

தேயிலைத் தண்டு வறுத்துக்கொண்டிருந்தவள்
மணியைக் கேட்டுத் தலை நிமிராமலே ஏதோ கேட்டாள்.
நிமிர்ந்தவள்
கேள்வியைப் பாதியில் விட்டாள்.
பள்ளிச் சிறுவன் ஒருவன் குடைக்கு வணக்கம் சொல்லி
என்னைப் பார்த்து ஓடிப்போனான்.

ஓமிச்சோ சந்தையில் மீன்காரர்
"கொசாகா-சான்!" என்று பொட்டலத்தை நீட்டிவிட்டார்.
இல்லை இல்லை என்று தலையாட்டினேன்.
குடையைக் காட்டினார், சிரித்தார்,
இன்னொரு கருவாட்டையும் உள்ளே திணித்து
என் கையிலேயே வைத்தார்.
காசு வாங்கவில்லை.
இப்போது என்னிடம்
முன்பின் தெரியாத ஒருவரின் குடையும்
இரவுச் சாப்பாடும்.

ஐந்து மணி.
கடைக்குள் பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண்.
மடியில் என் குடை,
விமான நிலையச் சீட்டு இன்னும் கிழியாமல்.
நான் குனிந்தேன். அவர் குனிந்தார்.
நான் மறுபடி குனிந்தேன்.
போதும் என்று கடைக்காரர் தேநீர் வைத்தார்.

பொட்டலத்தைப் பிரித்து எண்ணினார் கொசாகா.
எப்போதும் ஆறு.
ஏழாவதைக் காகிதத்தில் சுற்றி
என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு கைபேசியிடம் நெடுநேரம் பேசினார்.
அது யோசித்து, எனக்குச் சொன்னது:
"உங்கள் குடையோடு ஆற்றங்கரையில் நடந்தேன்.
மூன்று மணி நேரம்
யாரும் என்னைக் கூப்பிடவில்லை."
கைபேசிக்கு
வருத்தமா மகிழ்ச்சியா என்று சொல்லத் தெரியவில்லை.
அவர் முகத்திலும் தேடினேன்.
அவர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

போகும்போது
இருவரும் பார்த்துத்தான் எடுத்தோம்,
கொஞ்சம் தயங்கி.
தெருமுனைவரை மணி கேட்டது.
அதன்பின் மழை மட்டும்,
இரண்டு தோளிலும் படாமல்.