பதினெட்டு மைக்ரோலிட்டர்

கொட்டகைக் கூரையில் பனி வழிக்கும்போது
டோர்ஸ்டெனுக்குக் கால் சறுக்கியது.
சுற்றிலும் இடுப்பளவு பனி.
பனியே இல்லாத ஓர் இடம்
அன்று காலை பெருக்கி வைத்த கற்படி.
தலை அதைத்தான் தேடிப்போய் விழுந்தது.

இது நான்காம் இரவு.
ஊமெயோ நகரம், பிப்ரவரி, வெளியே மைனஸ் இருபத்தாறு.
பன்னிரண்டாம் படுக்கைக்கு நான் காவல்.

"நல்லா தூங்குறார், இல்லையா?"
கையுறையைக் கழற்றாமலே கேட்கிறாள் குன்வோர்.
ஆமாம் என்றிருக்கலாம்.
இமை துடிக்கவில்லை. விரல் அசையவில்லை.
போர்வையின் மடிப்பு
பத்து மணிக்கு நான் மடித்தபடியே இருக்கிறது.

திரையில் மட்டும்
இடப்பக்கத்து ஐந்தாம் கோடு கூராகிறது.
நான்காவதைத் தொற்றுகிறது.
பிறகு ஆறு, ஏழு.
மூன்று பத்து.

வலிப்பு என்கிறோம்.
துடுப்பு வலிப்பதற்கும் அதே சொல்தான்.
கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படகு தெரியாது,
தண்ணீர்கூடக் கலங்காது.
உள்ளே ஒருவர்
கை ஓய்ந்தும் நிறுத்தத் தெரியாமல்
வலித்துக்கொண்டே இருக்கிறார்.

அவர் மண்டைக்குள் நூல் பருமனில் ஒரு குழாய்.
மணிக்கு ஒருமுறை அது தருவது
பதினெட்டு மைக்ரோலிட்டர்.
கண்ணீராக இருந்தால்
கன்னத்துக்கு வருமுன்பே காய்ந்துபோகும்.
அதை ஒரு குப்பியில் பிடித்து
இயந்திரத்துக்கு ஊட்டுகிறேன்.

ரத்தத்தில் சர்க்கரை ஆறு. நல்ல அளவு.
மூளைக்குள் பூச்சியம் புள்ளி மூன்று.
களஞ்சியம் நிறைந்த வீட்டில்
அடுப்படி பட்டினி.
லாக்டேட் ஏறுகிறது, பைருவேட் ஏறவில்லை,
விகிதம் ஐம்பத்திரண்டு.
ஆக்சிஜனுக்கும் குறைவில்லை.
விறகிருந்தும் காற்றிருந்தும்
புகைகிறது அடுப்பு.

இதில் ஒரு சிக்கல்.
குப்பி சொல்வது எப்போதும் போன மணியை.
பசிக்கிறது என்று அதற்குச் சொல்ல வராது,
பசித்தது என்றுதான் சொல்லும்.
இறந்தகாலம் மட்டுமே தெரிந்த சாட்சி.

டாக்டர் ஓட்டிலியா வருகிறார்,
தூக்கத்தின் கோடு இன்னும் கன்னத்தில்.
மருந்தை ஏற்றச் சொல்கிறார்,
இன்சுலினைக் குறைக்கச் சொல்கிறார்,
திரையின் முன் நின்றுகொண்டே
ஆறிய காப்பியைக் குடிக்கிறார். அது என்னுடையது.

நான்கு இருபதுக்குக் கோடுகளில் இடைவெளி விழுந்தது.
பிறகு அகன்றது.
பிறகு ஒரு நீண்ட தட்டை,
அதில் சின்னச் சின்ன மூச்சு.

ஐந்து மணிக் குப்பியோ
எரிகிறது எரிகிறது என்றது.
நெருப்பணைந்த வீட்டுக்கு
மணியடித்துக்கொண்டு வந்து சேரும் வண்டிபோல.

"அந்தப் படியைப் பெருக்கச் சொன்னது நான்தான்.
தபால்காரி வழுக்கிடக் கூடாதேன்னு."

குன்வோர் இதை
என்னிடம் சொன்னாளா, அவரிடம் சொன்னாளா
தெரியவில்லை.
எனக்குப் பதில் இல்லை.
குப்பி மாற்றும் நேரமாகியிருந்தது. மாற்றினேன்.

ஆறு மணிக்கு நாற்பத்து நான்கு.
ஏழுக்கு நாற்பத்தொன்று.
எட்டாம் மணி என்னுடையதில்லை,
பகல் ஆள் வந்துவிட்டாள்.
குன்வோர் கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டி
பையிலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை.

வீட்டில், எங்கள் ஊர் வழக்கப்படி,
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
கருங்காப்பியை அதன் வழியாக உறிஞ்சுகிறேன்.
கரைகிறது.
எங்கே போகிறது என்று
இத்தனை ஆண்டில் ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்னொரு கட்டி எடுக்கிறேன்.
கட்டைவிரல் லேசாகத் துடிக்கிறது.
குளிராகத்தான் இருக்கும்.