பதாராவின் பக்கம்

கும்பா என்றால் இங்கே பாத்திரமல்ல,
டக்காருக்கு வெளியே தியாரோயில்
மணல் தெருவின் மூன்றாம் வீட்டுக்காரி.
அவளுடைய பாத்திரத்துக்குப் பெயரில்லை.
எனாமல் பூச்சு, விளிம்பில் நீலப் பூக்கள்,
ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற அகலம்.

மதியம் இரண்டு மணிக்குப்
பாயின் நடுவே அதை இறக்கிவைத்தால்
எட்டு வலக்கைகள் சுற்றி வளைக்கும்.
கோடு கிழித்தவர் யாருமில்லை,
அவரவர் பக்கம் அவரவருக்குத் தெரியும்.
நடுவிலிருக்கும் மீனைப் பிட்டுப் பிட்டு
ஒவ்வொரு பக்கமாக எறிவாள் கும்பா,
சீட்டு போடுகிறவளைப் போல.

பதாராவுக்குச் சர்க்கரை இருநூற்று அறுபது.
முப்பது வருடம் பிரேக் மிதித்த கால்
இப்போது செருப்பு கழன்றால்கூட உணர்வதில்லை.
நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள்.
தாளில் ஒரு தட்டு வரைந்திருந்தது,
சின்னதாக, கோடு போட்டு,
ஒரே ஒரு ஆளுக்கு.

அன்று அவருக்குத் தனித்தட்டு.
அவித்த மீன், பாதித் தட்டு முட்டைக்கோஸ்,
கைப்பிடி சோறு.
ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.
பெரிய பாத்திரத்தில் ஏழு பக்கம் காலியானது.
எட்டாவது பக்கத்தில்
எண்ணெய் மினுங்கும் குருணைச் சோறு
யாரோ வெட்டிவைத்த கேக் துண்டாய் நின்றது.
ஒரு கையும் அங்கே போகவில்லை.
அவரும் தட்டைத் தொடவில்லை.
"தொட்டால் ஒட்டிக்கொள்கிற வியாதியா எனக்கு?"
என்று கேட்டார், ஜன்னலிடம்.

கும்பா அந்தத் தாளை
அடுப்படி ஆணியில் குத்தினாள், படம் சுவரைப் பார்க்க.

மறுநாள் சந்தையில் ஃபோனியோ வாங்கினாள்.
சாமையை நாலாகக் கிள்ளினால் வருகிற அளவு,
மணலோடு மணலாகக் கிடக்கும்.
பிரித்தெடுக்க ஏழு தண்ணீர் என்பார்கள்.
ஏழாவதில் குனிந்து பார்த்துவிட்டு
எட்டாவதும் ஊற்றினாள்.
இரண்டு முறை ஆவியில் வைத்தாள்.
முருங்கைக்கீரையை
(நெபெதாய் என்கிறார்கள் அதை அங்கே)
வேர்க்கடலை அரைத்துவிட்டுக் கடைந்தாள்.
எண்ணெய் அளந்த குவளை போய்
ஜாடி மூடி வந்தது.
தங்கத்தாள் சுற்றிய சூப்புக் கட்டி
நாலு விழுந்த இடத்தில் ஒன்று.
மீதி ருசிக்கு நெத்தெத்து, புளிக்கவைத்த கொட்டை.
தெருமுனை வரை மணத்தது.
மணத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஸாலியூ இரண்டு கவளத்தில் எழுந்தான்.
"ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால்
எட்டுப் பேருக்கும் கஷாயமா?"
"ஆமாம்" என்றாள் கும்பா.
அவன் எழுந்துபோன பக்கத்துக்கு
மீனின் கன்னச்சதையை எறிந்தாள்.
கன்னச்சதை அவனுக்கு உயிர்.
திரும்பி வந்து உட்கார்ந்தான், முறைத்தபடி.
சின்னவள் அஸ்தூ
"ஆடு தின்கிற மாதிரி இருக்கிறது" என்றாள்;
பிறகு ஆடு மாதிரியே தின்றாள்.

பதாரா ஒன்றும் சொல்லவில்லை.
தன் பக்கத்தை வழித்துச் சாப்பிட்டு
விரலை நக்கினார், ஐந்தையும்.

எல்லாம் அப்படியே நடந்ததென்று நினைக்க வேண்டாம்.
துவைக்கும்போது ஸாலியூ பையில் தங்கத்தாள்.
பதாராவின் பையில் எறும்பு வரிசை:
வேப்பமரத்தடித் தேநீர்க் கூட்டத்தின் சர்க்கரைக் கட்டி.
மகன் பையைத் தட்டிவிட்டாள்.
புருஷன் பையை எறும்போடு மடித்து
அவர் தலையணைமேல் வைத்தாள்.
வெள்ளிக்கிழமைக்கு மட்டும்
குருணைச் சோற்றை ஒத்துக்கொண்டாள்,
கத்தரிக்காயும் பூசணியும் மேலே குவித்து,
சோறு இருப்பதே தெரியாத அளவுக்கு.

மூன்று மாதம் கழித்து நூற்று எழுபத்தொன்று.
"தனித்தட்டு பழகிவிட்டதா?" நர்ஸ் கேட்டாள்.
"பழகிவிட்டது. கொஞ்சம் பெரிய தட்டு"
என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார் பதாரா.

வாசலில் காத்திருந்த கும்பாவை
யாரும் எடை பார்க்கவில்லை,
ஊசி குத்தவில்லை.
பஸ்ஸுக்கு எழுந்தபோது செருப்பு தளர்ந்தது.
குனிந்து பார்த்தாள்.
வெகுநாளாக வீங்கியே கிடந்த கணுக்காலில்
எலும்பு தெரிந்தது.
வாரை ஒரு துளை உள்ளே இழுத்து மாட்டிக்கொண்டு
"நட, ஃபோனியோ தீர்ந்துவிட்டது" என்றாள்.