முந்திரி

மலையை விற்றபோது சைலஸ் ஹோல்ட்
பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டான்:
புல்லும் மரமும் வாங்குகிறவனுக்கு,
அடியில் உள்ளது எனக்கும் என் வாரிசுகளுக்கும்.
ஆண்டு 1911.
அடியில் என்ன என்று அவனுக்கே தெரியாது.
கஞ்சன், இருட்டைக்கூட விட்டுத்தர மனமில்லை.

அவனுக்கு நான்கு பிள்ளைகள்,
அதில் ஒருத்திக்கு ஐந்து,
அந்த ஐந்தில் ஒருவனுக்கு நான்கு,
அதில் ஒருத்திக்கு மறுபடி நான்கு, கடைக்குட்டி வெர்டி.
வகுத்துப் பாருங்கள்.
முந்நூற்றிருபதில் ஒன்று.
நம் பழைய வாய்ப்பாட்டில் அதற்குப் பெயரே உண்டு:
முந்திரி.

மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும்
வெர்டி ஸ்டால்நேக்கருக்கு அந்தச் சொல் தெரியாது.
புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம் மூன்று ஒன்று இரண்டு ஐந்து என்பாள்,
மூச்சு விடாமல், பூட்டின் ரகசிய எண்போல.

குத்தகை ஐந்தாண்டு.
எரிவாயு வந்தால் உரிமைப்பங்கு அரைக்கால்,
அந்த அரைக்காலில் அவளுக்கு ஒரு முந்திரி.
கையெழுத்துப் பணத்தில்
கூரையில் ஒரு பக்கம் மட்டும் புதுத் தகரம்.

முதல் வருடம் ஆவண அறையில் போயிற்று.
யார் யாருக்குப் பிறந்தார் என்று
கம்பெனி வக்கீல் தூசியில் தும்மித் தும்மித் தேடினான்.
டொலிடோவில் தொலைந்த ஆர்லிஸுக்கு
மூன்று வாரம் பத்திரிகை அறிவிப்பு.
அவன் வரவில்லை.
அவனுடைய மனைவிகள் இருவர் வந்தார்கள்.

அப்புறம் விண்ணப்பம்.
சாலை வளைவு போதாது,
ஓடையிலிருந்து இன்னும் தள்ளு.
செவ்வாய்தோறும் பிள்ளைகளை இறக்கிவிட்டு
காலி பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து
மாநில அலுவலகப் பட்டியலைக் கைபேசியில் திறப்பாள்.
பரிசீலனையில்.
பரிசீலனையில்.
ஒரு செவ்வாய் பட்டியலே திறக்கவில்லை,
அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அனுமதி வந்தது,
மார்ச் கடைசி வியாழன், இரண்டாண்டு ஆயுளோடு.
ஏப்ரலில் மரம் வெட்டக் கூடாதாம்,
வௌவால் குட்டி போடும் காலம்.
வௌவால் வீட்டுக்குப் போனால்
நாமும் தலைகீழாய்த் தொங்கத்தான் வேண்டும்.
தொங்கினாள், நவம்பர் வரை.

"இன்னும் இரண்டு காலாண்டு, மேடம்" என்பான் டாட் க்ரெப்ஸ்.
நல்ல பையன்.
அவன் அம்மாவின் முழங்கால் வலிவரை அவளுக்குத் தெரியும்.
துளைக்கும் கோபுரம் எங்கே என்று
அவனுக்கே தெரியாது.
வாயு விலை விழுந்த வாரம்
அது ஒஹாயோவில் என்றார்கள்.

மலைமேல் டார்ஸி ப்யூ மாடு வளர்க்கிறான்.
மேற்பரப்பு மட்டும் அவனுக்கு.
லாரி வந்தால் புழுதி அவனுக்கு, பணம் அவளுக்கு.
அதனால் எதிரில் வந்தால் கையசைப்பதில்லை.
ஐந்தாம் வருடம், குத்தகையின் கடைசி நாள்,
அவனே போன் செய்தான்:
"உங்க எல்லைக் கொடியை என் கிடேரி தின்னுடுச்சு."

போனாள்.
சர்வே குச்சி நிற்கிறது, இளஞ்சிவப்பு ரிப்பன் இல்லை.
வைத்தியச் செலவு யாருடையது என்று கேட்க
கம்பெனிக்கு அடித்தார்கள்,
பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.
டிரக்கின் பின்பலகையில் இருவரும் உட்கார்ந்து
மாட்டின் பின்புறத்தைப் பார்த்திருந்தார்கள்.
இருட்டும் நேரம் அது சாணி போட்டது,
நடுவே இளஞ்சிவப்பாய் ஒரு இழை.

ஐந்தாண்டில்
அந்த மலையிலிருந்து வெளிவந்தது அதுதான்.
டார்ஸிதான் முதலில் சிரித்தான்.

நள்ளிரவில் குத்தகை முடிந்தது.
சத்தம் ஏதுமில்லை.
ஏழாயிரம் அடிக்குக் கீழே
எதுவும் புரண்டு படுக்கவில்லை.

அக்டோபரில் வேறொரு கம்பெனியின் கடிதம்,
உறை மட்டும் வேறு நிறம்.
பஸ்ஸின் ஸ்டியரிங்மேல் வைத்துப் படித்தாள்.
ஓரத்தில் பேனாவால் எழுதினாள்:
துளைக்கத் தொடங்கும் தேதி, ஒரு கோடு.
அதன் கீழே:
குச்சிகளைச் சுற்றி வேலி, டார்ஸியின் மாடுகளுக்காக.

பிறகு கதவைத் திறந்தாள்.
பிள்ளைகள் ஏறத் தொடங்கினார்கள்.